அரிசித் தடை எங்கள் பீடோங் கடைக்கு வந்த வழி

பீடோங் மளிகைக் கடைக்காரர்:
2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது மலேசியாவின் கெடா மாநிலத்தில் கடை நடத்தும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தோட்டத்து வாடிக்கையாளர்கள் என் கடையில் கேட்பது பெரும்பாலும் புழுங்கல் அரிசி, அது அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆனால் ஆகஸ்டு 25 அன்று புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தார்கள். அடுத்த சரக்கில் வந்த பொன்னி மூட்டையின் விலையைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட வேதனை தந்தது உள்ளூர் அரிசி. இந்திய அரிசி நின்றதும் பல நாடுகள் தாய்லாந்தையும் வியட்நாமையும் நாடியதால் அங்கு விலை ஏறியது; செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்) 3,200 வெள்ளியானது. உள்ளூர் அரிசியையோ கிலோ 2.60 வெள்ளிக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. ஒரே மாதிரி வெள்ளை அரிசிக்கு இவ்வளவு விலை வித்தியாசம் இருந்தால் மலிவானது கடைக்கு வந்து சேருமா? மூடா நெல்வயல்கள் இருக்கும் இதே கெடாவில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா பத்துக் கிலோ உள்ளூர் அரிசி கேட்டு மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் இறக்குமதி அரிசியில் ஐந்து கிலோ வாங்கிக் கணக்கில் எழுதச் சொன்னார். ஏழைக்காக வைத்த உச்சவரம்பு அவருக்கே உதவாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உதவியை நேராகக் குடும்பங்களின் கையில் தருவதே முறை என்று நினைக்கிறேன்.

சுங்கைப்பட்டாணிக்காரர்:
அண்ணன் சொன்னதன் மறுபக்கத்தை, அதாவது அரசு விலையை உயர்த்தி வைத்தால் நடப்பதை, தாய்லாந்து எல்லை ஊரான பாடாங் பெசாரில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்தபோது பார்த்தேன். 2011 அக்டோபரிலிருந்து தாய்லாந்து அரசு தன் விவசாயிகளிடம் வெள்ளை நெல்லை டன்னுக்கு 15,000 பாட் விலையில் வாங்கியது. சந்தை விலையைவிட அது மிக அதிகம் என்பதால், தாய்லாந்து வியாபாரிகளால் வெளிநாட்டில் விலை போகும்படி அரிசி விற்க முடியவில்லை. நெல் அரசுக் கிடங்குகளில் தேங்கியது. 2012-இல் உலக அரிசி ஏற்றுமதியின் முதலிடம் இந்தியாவுக்குப் போனது.

பீடோங் மளிகைக் கடைக்காரர்:
தம்பி, இந்தியா 2024 செப்டம்பரில் வெள்ளை அரிசித் தடையையும் அக்டோபரில் புழுங்கல் வரியையும் நீக்கியது. விலை ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. அந்த அம்மா மறுபடி பத்துக் கிலோ மூட்டை வாங்கத் தொடங்கியது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான்.