கோ-4 புல்லுக்கு நடுவே குதிரை மசால் தூவலாமா?

பாகூர்க்காரன்:
வணக்கம். பாகூர் ஏரிக்குக் கீழே 40 சென்டில் மூன்று வருடமாக கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப்புல்) வைத்திருக்கிறேன். களிமண். வீட்டில் நான்கு கறவை, இரண்டு கிடேரி. புல்லுக்குக் குறைவில்லை, ஆளை மறைக்கிற உயரம் வருகிறது. ஆனால் அதை மட்டும் தின்று பால் ஏறவில்லை. சொசைட்டியில் பால் ஊற்றி வாங்குகிற காசு அப்படியே புண்ணாக்குக் கடைக்குப் போகிறது. வெளிநாட்டில் அல்ஃபால்ஃபா என்கிற பயறுவகைத் தீவனச் செடியையும் பல வருடப் புல்லையும் கலந்து விதைத்து, ஒன்றாகவே அறுக்கிற வீடியோ ஒன்று பார்த்தேன். அல்ஃபால்ஃபா என்றால் நம் குதிரை மசால்தானாம். கோ-4 வரிசைக்கு நடுவே தூவிவிட்டால் போதுமா? ஐப்பசி மழைக்கு முன்னால் விதைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நடுவீரப்பட்டு மாட்டுக்காரன்:
தம்பி, விதை இன்னும் வாங்கவில்லையே? சரி, நல்லது.

நானும் இதே வீடியோ புத்தியில்தான் இறங்கினேன். அவர்கள் கலக்கிற ஆர்ச்சர்டு புல், புரோம் புல் எல்லாம் குளிர்தேசத்துப் புல். குதிரை மசாலோடு தோளுக்குத் தோள் வளரும். மசாலில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், புல்லில் அதில் பாதிதான். இரண்டையும் சேர்த்துத் தின்றால் மாட்டுக்கும் நல்லது, மசால் வேர்முண்டு பிடித்துவைக்கிற தழைச்சத்தில் புல்லுக்கும் பங்கு உண்டு. கணக்கில் தப்பில்லை. நம்ம கோ-4தான் புல் என்று பெயர் வைத்துக்கொண்ட கரும்பு. அதன் நிழலில் என் மசால் வெளிறிப்போய், இரண்டாம் அறுப்பில் குனிந்து தேட வேண்டியதாயிற்று.

மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. என்னுடையது முந்திரி விளைகிற செம்மண் மேடு. அங்கேயே தாழ்வான ஒரு மூலையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. செடியைப் பிடித்து இழுத்தால் வேர்த்தோல் ஈரச் சாக்கு மாதிரி கையோடு உரிந்து வந்தது. அப்படியானால் உங்கள் ஏரிக்கரைக் களிமண்ணை நினைத்துப் பாருங்கள். 2024 ஃபெஞ்சல் புயல் மழையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கோ-4 கூட வேலிமசால் போடுங்கள், அதுவும் பயறுவகைத் தீவனச் செடிதான். மூன்று வரிசை புல், ஒரு வரிசை வேலிமசால். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கும் இதுதான். நிமிர்ந்து வளர்கிற செடி, புல்லுக்குள் அமுங்காது. முதல் அறுப்புக்கு மூன்று மாதம் ஆகும், அப்புறம் 40, 45 நாளுக்கு ஒருமுறை புல்லோடு சேர்த்தே அறுக்கலாம். உங்களுடையது பழைய புல் என்பதால் நான்கில் ஒரு வரிசைத் தூரைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தே ஆக வேண்டும். இடுப்பு போய்விடும், ஆள் விட்டுக்கொள்ளுங்கள். மழை முடிந்து தை மாதம், புல்லை அறுத்த கையோடு, பார் பிடித்து மேட்டில் விதையுங்கள். அப்புறம் யூரியாவை வாரி இறைக்காதீர்கள். புல்தான் அதைத் தின்று கொழுக்கும், மசால் ஒதுங்கிவிடும்.

நெல்லிக்குப்பம் செல்வி:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் குதிரை மசாலை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நான் ஐந்து சென்டில் தனியாக வைத்திருக்கிறேன். மேட்டுப்பாத்தி, சுற்றி வடிகால். மார்கழியில் மழை ஓய்ந்ததும் விதைத்தேன், 400 கிராம் விதை போதுமாக இருந்தது. முதல் அறுப்பு 75 நாளில், அதற்குப் பிறகு மாதம் ஒன்று.

இரண்டு விஷயம் மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் வாங்கிய விதையில் அம்மையார் கூந்தல் என்கிற ஒட்டுண்ணிக் களையின் விதை கலந்திருந்தது. மஞ்சள் நூலைச் சிக்கலாகப் போட்டது போல ஒரு பாத்தி முழுக்கப் படர்ந்துவிட்டது. மசாலோடு சேர்த்து அறுத்துக் கொளுத்தினேன். இன்னொன்று, ஒரு நாள் காலை பனி ஈரத்தோடு இளம் மசாலை வெறும் வயிற்றில் மாட்டுக்குப் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இடது விலாப்பக்கம் மத்தளமாக உப்பிவிட்டது, தட்டினால் டம் டம் என்கிறது. டாக்டர் வந்து வாயுவை இறக்கும் வரை எனக்கு மூச்சே இல்லை. இப்போது முதலில் வைக்கோல், பிறகு வாட்டிய மசாலைப் புல்லோடு நறுக்கிக் கலந்து கொடுக்கிறேன். புல் மூன்று பங்கு, மசால் ஒரு பங்கு. வேலிமசாலில் இந்த உப்புசத் தொல்லை இல்லை.

பாகூர்க்காரன்:
நல்லவேளை கேட்டேன். வேலிமசாலே போடுகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போட்டு முளைக்கவே இல்லையே அண்ணே?

நடுவீரப்பட்டு மாட்டுக்காரன்:
அப்படியே விதைத்திருப்பார். அதன் தோல் கல் மாதிரி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு, 80 டிகிரி சூட்டில், விதையைப் போட்டு நான்கைந்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பிறகு ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் கிடக்கட்டும். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் பருத்திருக்கும். அடுப்பிலேயே விட்டுவிடாதீர்கள், முதல் தடவை நான் கால் கிலோவை அவித்துக் கோழிக்குத்தான் போட்டேன்.