ஒஹாயோவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டை: எந்த .357 தோட்டா?

நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அடுத்த திங்களன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கும் துப்பாக்கிப் பருவத்தில், வெய்ன் தேசியக் காட்டில் வெண்வால் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கியுடன் போக விரும்பும் நான், தோட்டாவைத் தேர்வுசெய்ய முடியாமல் நிற்கிறேன். மாநில விதிப்படி குழல் 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தோட்டா .357 கேலிபர் (குண்டின் விட்டம் 0.357 அங்குலம்) அல்லது அதற்கு மேற்பட்டதாகவும், கழுத்து குறுகாத நேரான உறை கொண்டதாகவும் இருக்க வேண்டும். என்னிடமுள்ள 10 மி.மீ. கிளாக் 20-இன் குழல் 4.6 அங்குலமே என்பதால் அது கழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது 6 அங்குலக் குழலுள்ள ரூகர் ஜிபி100 ரிவால்வர்; அது சுடுவது .357 மேக்னம் தோட்டா.

மூன்று மாதப் பயிற்சியில், 158 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) மென்முனைக் குண்டுகள், அதாவது முனையில் ஈயம் வெளியே தெரிபவை, 25 கஜத்தில் 3 அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. 50 கஜத்தில் அந்த வட்டம் 8 அங்குலமாக விரிகிறது. 125 கிரெய்ன் குழிமுனைக் குண்டு சீக்கிரம் விரிந்து ஆழமாக இறங்காது என்று ஒதுக்கிவிட்டேன். நண்பரின், இதைவிட வலுவான .44 மேக்னம் துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்தேன்; அதன் பின்னுதைப்புக்கு அஞ்சி, விசையை இழுக்கும்போதே என் கை நடுங்கியது. காயத்தோடு ஓடும் மான் எங்கோ புதருக்குள் கிடந்து துடிப்பதை என்னால் ஏற்க முடியாது. அதனால் 40 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என உறுதியாக இருக்கிறேன்.

அந்தத் தொலைவுக்குள் இரு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேற நம்பத்தக்கது எது: 158 கிரெய்ன் மென்முனையா, 180 கிரெய்ன் கடின ஈயக் குண்டா?