சுழற்சி விவசாயம் எங்கே முட்டுகிறது?

புதுநாற்று:
வணக்கம். பயிர்த்தாள், சாணம், சந்தைக் கழிவு என்று எல்லாவற்றையும் திரும்ப மண்ணுக்கே கொண்டுபோகும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றிச் சில மாதங்களாகப் படிக்கிறேன். கட்டுரைகள் பெரும்பாலும் "விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்றே முடிகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, சாணத்தின் அருமை தெரியாத விவசாயி எங்கே இருக்கிறார்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எங்கே முட்டுகிறது?

வரப்போரம்:
எடையில். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது (46 சதவீதம்). ஒரு சதவீதம் தழைச்சத்துள்ள மக்கு உரத்தில் அதே அளவு வேண்டுமென்றால் 2,300 கிலோ ஏற்றி, இறக்கி, இறைக்க வேண்டும், அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் கரைசலோ பெரும்பகுதி தண்ணீர். கால்நடை ஒரு பக்கம், தானியம் இன்னொரு பக்கம் என்று பண்ணைகள் பிரிந்துபோன இடங்களில் ஒரு பக்கம் சாணம் தேங்கி நிலத்தடி நீர் கெடுகிறது, மறுபக்கம் மண் பட்டினி கிடக்கிறது. நடுவில் இருக்கும் தூரத்துக்கு யார் செலவு செய்வது?

கலப்பை:
அவர் சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோதுமை வைக்கோலில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் சுமார் 80:1, அதாவது கார்பன் நிறைய, நைட்ரஜன் மிகக் குறைவு. அதை மடக்கி உழுத உடனே விதைத்தால், நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்க மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளடிக்கும். அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் தீக்குச்சிதான் சுலபமாகத் தெரிகிறது. எரிப்பது சரி என்று சொல்லவில்லை, அந்த நெருக்கடியைத் தீர்க்காமல் அபராதம் மட்டும் போட்டுப் பயனில்லை என்கிறேன்.

மண்வாசி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வாங்கிய மக்கு உரத்தைத் தக்காளிக்குப் போட்டேன். பத்து நாளில் கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது. அமினோபைரலிட், குளோபைரலிட் வகைக் களைக்கொல்லி தெளித்த புல்லை மாடு தின்றால், அது சாணத்தில் அப்படியே வரும், மக்க வைத்தாலும் எளிதில் அழியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. விற்றவர் பொறுப்பேற்கவில்லை, நஷ்டம் முழுக்க என் தலையில். கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் சேறு விஷயத்திலும் இதே பயம்தான், சுவிட்சர்லாந்து அதை வயலில் போடுவதை 2006-லேயே நிறுத்தியது, அமெரிக்காவின் மெயின் மாநிலம் எளிதில் சிதையாத பீஃபாஸ் (PFAS) ரசாயனங்களுக்காக 2022-ல் தடை செய்தது. கழிவை உருவாக்குபவருக்கு லாபம், வயலில் போடுபவருக்கு ஆபத்து என்ற நிலை மாறாதவரை எவ்வளவு பிரச்சாரம் செய்தாலும் விவசாயி தயங்கத்தான் செய்வார். புதிதாக வாங்கினால் கொஞ்சம் மண்ணோடு கலந்து தொட்டியில் பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் இலை கோணினால் அந்த உரத்தை வயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கலப்பை:
குத்தகை நிலத்தைப் பற்றிப் பேச மறந்துவிட்டோமே! மண்ணில் கரிமச்சத்து ஏறப் பல வருடம் ஆகும். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர் யாருக்காக அதை வளர்ப்பார்?

புதுநாற்று:
மிக்க நன்றி. வரப்போரம், அந்தக் கரைசலிலிருந்து தண்ணீரைப் பிரித்துவிட்டால் தூரப் பிரச்சினை குறையாதா?

வரப்போரம்:
ஓரளவு குறையும். பிழிந்தெடுக்கும் திடப்பொருளைத் தூரத்துக்கு அனுப்பலாம். ஆனால் பயிர் உடனே எடுக்கக்கூடிய அமோனியம் வடிவத் தழைச்சத்து பெரும்பாலும் திரவத்தோடுதான் போகும், அதனால் திரவத்தைப் பக்கத்து வயலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மேலே தெளித்து வெயிலில் விட்டால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மண்ணுக்குள் இறங்கும்படி விடுங்கள்.