செயின்சா இயங்க மறுக்கிறது, பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது: உதவி தேவை

மேட்டுவீடு (ஞாயிறு, காலை 8.40)
வணக்கம். நேற்றிரவு அடித்த காற்றில் எங்கள் பினாங்கு பாலிக் புலாவ் வீட்டுப் பாதையின் குறுக்கே ரம்புத்தான் மரம் ஒன்று சாய்ந்துவிட்டது. காரை வெளியே எடுக்க வழியில்லை. மரத்தை அறுக்கலாம் என்று செயின்சாவை எடுத்தால், நாற்பது முறைக்கு மேல் கயிற்றை இழுத்தும் இயங்கவில்லை. இரண்டு மாதங்களாகவே அது முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கும் புதியது. மதியம் மாமியாரை விமான நிலையத்தில் இறக்கிவிட வேண்டும் என்பதால் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம்வாசி (8.52)
எத்தனை சிசி இயந்திரம், பெட்ரோலில் எண்ணெயை எந்த அளவில் கலந்தீர்கள், கலந்து எத்தனை நாள் ஆகிறது என்ற மூன்றும் தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. இழுக்கும்போது ஒருமுறையாவது இருமிவிட்டு அணைகிறதா, அல்லது சத்தமே இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

பழைய பட்டறை (9.03)
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தம்பி, நாற்பது முறை இழுத்தேன் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. சோக்கை, அதாவது காற்று வரும் வழியை அடைக்கும் மடலை, மூடியபடியே இழுத்திருப்பீர்கள், சிலிண்டருக்குள் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து பிளக் நனைந்திருக்கும். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள், சோக்கை முழுதாகத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே ஏழெட்டு முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள், பிறகு பிளக்கை மாட்டிச் சோக் போடாமல் இழுங்கள். முதல் இருமல் கேட்டவுடன் சோக்கைத் திறக்க வேண்டும் என்பது இயந்திரத்தோடு வரும் கையேட்டின் தொடக்கத்திலேயே இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

நிபோங் திபால் தோட்டம் (9.10)
ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டு மாதத் தொல்லை என்கிறாரே, அதற்கு வெள்ளம் காரணமாக முடியாது. என் அனுபவத்தில் பத்தில் எட்டுக் கோளாறு எண்ணெய்க் கலவையால் வருகிறது. எண்ணெய் மிகுந்தால் புகை மூடும், பிளக்கிலும் புகைப்போக்கியின் வலையிலும் கரி படியும், இயந்திரம் மூச்சுவிட முடியாமல் திணறும்.

மேட்டுவீடு (9.21)
58 சிசி, சீனத் தயாரிப்பு. கலவை நோன்புப் பெருநாள் விடுமுறையில் அண்ணன் கலந்து வைத்தது, அளவு தெரியாது. பத்து மாவுங் என்ற ஊரில் படகு வைத்திருக்கிறார், அந்தப் படகு எண்ணெய்தான்.

நிபோங் திபால் தோட்டம் (9.26)
படகு எண்ணெயா! நான் நினைத்தது சரியாகிவிட்டது. படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய், கடல்நீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. செயின்சா காற்றால் குளிர்வது, அதன் சிலிண்டர் ஏறும் சூட்டை அந்த எண்ணெய் நீண்ட நாள் தாங்காது. ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் தரக்குறி அச்சிட்ட 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெயை வாங்கி, லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25க்கு 1 என்று கலந்து ஊற்றுங்கள்.

பழைய பட்டறை (9.31)
லிட்டருக்கு 40 மில்லி என்பது என் அப்பா ரப்பர் மரம் அறுத்த காலத்துக் கணக்கு. நல்ல எண்ணெயாக இருந்தால் 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி போதும்.

நிபோங் திபால் தோட்டம் (9.38)
இந்த மலிவு ரகப் பெட்டிகளோடு வரும் கலவைக் குப்பியில் 25 என்றுதானே கோடு போட்டிருக்கிறார்கள்? எண்ணெய் குறைந்து பிஸ்டன் சிராய்த்தால் இயந்திரத்தையே தூக்கிப்போட வேண்டியதுதான், கூடினால் பிளக்கைத் துடைத்தால் போதும். எந்த நட்டம் பெரிது என்று நீங்களே பாருங்கள்.

ஆயர் ஈத்தாம்வாசி (9.44)
இருவருக்கும் வேண்டுகோள். தவறான எண்ணெய் இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்று காலை அது இயங்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. ஆக்டேன் எண் கூடிய ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் உடனே பற்றிக்கொள்ளும் என்று அடுத்து யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன், ஆக்டேன் எண்ணுக்கும் எளிதாக இயங்கத் தொடங்குவதற்கும் தொடர்பில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கலந்த பெட்ரோல் நம் வெயிலில் கொட்டகைக்குள் இத்தனை வாரம் கிடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. எளிதில் பற்றும் பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும்.

விதைக்கடை அக்கா (9.58)
புக்கிட் மெர்தாஜாமில் கடை வைத்திருப்பதால் இந்த ரக இயந்திரங்கள் வாரத்துக்கு இரண்டேனும் என் மேசைக்கு வருகின்றன. தம்பி, இரண்டே கேள்வி. கழற்றிய பிளக் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா? பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒளி ஊடுருவும் ரப்பர் குமிழ் இருக்கும். அதைப் பத்து முறை அழுத்தினால் பெட்ரோல் நிறைகிறதா, அல்லது காற்றுக் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா?

மேட்டுவீடு (10.15)
பிளக் காய்ந்திருக்கிறது. குமிழில் சோடா போல நுரைதான், நிற்கவே இல்லை.

விதைக்கடை அக்கா (10.24)
அப்படியானால் உள்ளே வெள்ளம் இல்லை, வறட்சிதான். தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் எங்கோ விரிசல் விட்டு, பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சுகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து, கம்பியின் முனையைக் கொக்கி போல் வளைத்து உள்ளே விட்டால், குழாயின் நுனியில் மாட்டியிருக்கும் வடிகட்டி சிக்கும். மெதுவாக வெளியே இழுங்கள். குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல குழாய் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும், கெட்டது ஊறிய ஜவ்வுமிட்டாய் போல நீளும் அல்லது வளைத்த இடத்தில் வெடிப்புத் தெரியும். பெரும்பாலும் தொட்டியின் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில்தான் கிழிந்திருக்கும், அந்த இடத்தை விளக்கு அடித்துப் பாருங்கள். குழாய் நன்றாக இருந்தால் குமிழையே சந்தேகப்படலாம், அதிலும் வெடிப்பு விழும். கார்புரேட்டரின் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். இயக்கிப் பார்க்கும்போது தரையில் வைத்து, முன்கேடயத்தை முன்னே தள்ளிச் சங்கிலித் தடையைப் பூட்டி, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு இழுங்கள். கையில் தூக்கிப் பிடித்தபடி இழுத்துத் தொடையைக் கிழித்துக்கொண்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பட்டறை (10.30)
பிளக் காய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நிபோங் திபால் தோட்டம் (10.41)
குழாய் அப்படி ஊறிப்போனதற்கே அந்தப் படகு எண்ணெய் காரணமாக இருக்கலாம் அல்லவா?

விதைக்கடை அக்கா (10.47)
இல்லை ஐயா. சரியான எண்ணெய் ஊற்றியவர்களின் குழாயும், தொட்டியில் பெட்ரோலை விட்டுவைத்தால், இப்படித்தான் ஆகிறது.

மேட்டுவீடு (இரவு 9.15)
வடிகட்டியை இழுத்தபோது ஒரு விரல் நீளக் குழாயும் அறுந்து கையோடு வந்துவிட்டது. ஆயர் ஈத்தாமில் குழாய் வாங்கி மாட்டி, புதுக் கலவை ஊற்றியதும் நான்காவது இழுப்பில் இயங்கியது. அக்காவுக்கு நன்றி. மரத்தை அதற்குள் பக்கத்து வீட்டு பாச்சிக் (மலாயில் மாமா) தம்முடைய இயந்திரத்தால் அறுத்துப் போட்டுவிட்டார், மாமியாரும் கிளம்பிவிட்டார்.

பழைய பட்டறை (9.22)
புதுக் கலவை 25ஆ, 50ஆ?