எலூல் மாதம்: 40 நாள் கணக்கு எப்படி வருகிறது?

கேள்வி:
யூத நாட்காட்டியின் எலூல் மாதம் பிறந்ததிலிருந்து, பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் (திஷ்ரி 10) வரை 40 நாள் என்கிறார்கள். எலூலுக்கு 29 நாள்தான். அடுத்த மாதமான திஷ்ரியில் 10 சேர்த்தாலும் 39தானே? ஷோஃபார் (ஆட்டுக்கடாக் கொம்பு) ஊதுவதும் ஸெலிஹோத் (மன்னிப்பு வேண்டும் ஜெபங்கள்) சொல்வதும் எந்த நாளில் தொடங்கும்?

பதில் 1:
எலூலுக்கு முந்தைய ஆவ் மாதத்துக்கு எப்போதும் 30 நாள். அப்படி 30 நாள் வந்தால் அடுத்த மாதப்பிறப்பு இரண்டு நாளாகும். எனவே ஆவ் 30-உம் எலூலின் மாதப்பிறப்புதான். 1+29+10, கணக்கு சரி. ஆவுக்கு முந்தைய தம்மூஸ் மாதம் 17-இல் முதல் கற்பலகைகளை உடைத்த மோசே, எலூல் மாதப்பிறப்பில் மூன்றாம் முறை சீனாய் ஏறி, திஷ்ரி 10-இல் இரண்டாம் பலகைகளோடு இறங்கினார் என்பது மரபு. எலூல் மனந்திரும்பும் மாதமானது இதனால்தான்.

பதில் 2:
ஷோஃபார்: அஷ்கெனாசிகளில் (ஐரோப்பிய மரபு யூதர்கள்) பலர் எலூல் 1-இலும் சிலர் ஆவ் 30-இலும் தொடங்குவார்கள். காலை ஜெபம் முடிந்ததும் தெக்கியா, ஷெவாரீம், தெருவா, மறுபடி தெக்கியா என்ற ஒலிவரிசை. ஓய்வுநாளில் கிடையாது. எலூல் 29-இலும் ஊதமாட்டார்கள். வழக்கத்துக்காக ஊதுவதும் மறுநாள் ரோஷ் ஹஷானாவில் (யூதப் புத்தாண்டு, திஷ்ரி 1) கட்டளைப்படி ஊதுவதும் ஒன்றாகத் தெரியக்கூடாது. கூடவே தினம் இருவேளை சங்கீதம் 27.

பதில் 3:
ஸெலிஹோத்தை செஃபார்திகள் (ஸ்பானிய, மத்தியகிழக்கு மரபு யூதர்கள்) மாதம் முழுக்க விடியுமுன் சொல்வார்கள். அஷ்கெனாசிகள் ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய சனி இரவில் தொடங்குவார்கள், ஆனால் இடையில் குறைந்தது 4 நாள் வேண்டும். ரோஷ் ஹஷானா திங்கள், செவ்வாயில் விழுந்தால் ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிடும். 2026-இல் ரோஷ் ஹஷானா சனிக்கிழமை, ஆகவே செப்டம்பர் 5 இரவு தொடக்கம்.
பலரும் தவறுவது இரண்டு இடத்தில். முதல் இரவு ஸெலிஹோத் தொடங்கும் நள்ளிரவு என்பது கடிகாரத்தின் 12 மணியல்ல, சூரியன் மறைவதற்கும் உதிப்பதற்கும் நடுப்புள்ளி. எருசலேமில் அப்போது 12.30-ஐத் தாண்டிவிடும். முன்னிரவு தீர்ப்பின் நேரம் என்பதால் கபாலா (யூத மறைஞான) வழியினர் அதற்குமுன் தொடங்கமாட்டார்கள். அடுத்து, யாத்திராகமம் 34-இல் வரும் கடவுளின் பதின்மூன்று இரக்கப் பண்புகளை ஜெபமாகச் சொல்லப் பத்துப் பேர் கூடவேண்டும். தனியாக இருப்பவர் வேதம் வாசிக்கும் ராகத்தில் வாசிக்கலாம்.

பதில் 4:
அந்தப் பதின்மூன்று பண்புகளும் எலூல் முழுக்கப் பிரகாசிக்கின்றன என்றால், ஏன் இது பண்டிகை மாதமாக இல்லை? ஹபாத் என்ற ஹசிதிய யூத இயக்கத்தை நிறுவிய ரபி, லியாதியின் ஷ்னெயுர் சல்மான் கேட்டது இதைத்தான். நகரத்துக்குள் போகுமுன் ராஜா (கடவுள்) வயல்வெளியில் இருக்கிறார். விரும்பும் எவரும் நேரே போய்ப் பார்க்கலாம், எல்லாரையும் முகமலர்ந்து ஏற்கிறார். அரண்மனைக்குள் போனபின் அனுமதி வேண்டும் என்று அவரே விளக்கம் தருகிறார். வயல் என்றால் வேலை நடக்கும் இடம். அதனால் எலூலில் கடையை அடைக்கவேண்டாம், உழவை நிறுத்தவேண்டாம். ஆனால் ராஜாவைப் பார்க்க நாமேதான் நடந்துபோக வேண்டும்.