மொய்: அன்பளிப்பா, வட்டியில்லாக் கடனா?

அரைக்காணி:
"கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, வாசலில் மேசை போட்டு வசூல் செய்வது அநாகரிகம், மொய்யை ஒழிக்க வேண்டும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பலரும் "அது அன்பின் அடையாளம்" என்று பதில் சொன்னார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. மொய் அன்பளிப்பே அல்ல. வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் வங்கியின் வேலையைச் செய்தது மொய் நோட்டுதான். இன்றும் செய்கிறது.

ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை தேவைப்படுவது வாழ்நாளில் நாலைந்து முறை: காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு. பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் வீதம் தனித்தனியாகச் சேர்த்தால், பத்துப் பேருக்கும் பத்தாம் மாதம்தான் ஒரு லட்சம் கையில் இருக்கும். அதே பத்துப் பேர் சீட்டுப் போட்டால் முதல் ஆளுக்கு முதல் மாதமே கிடைத்துவிடும். கடைசி ஆளுக்கும் பத்தாம் மாதம் கிடைத்துவிடும். ஒன்பது பேருக்கு லாபம், ஒருவருக்கும் நட்டமில்லை. திமோத்தி பெஸ்லி, ஸ்டீபன் கோட், கிளென் லௌரி என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். மொய்யும் அத்தகைய சீட்டுதான். ஏலம் கிடையாது, கமிஷன் கிடையாது. வீட்டில் பிள்ளை வளர்ந்து நிற்கும்போது நம் முறை வருகிறது.

பொருளாகத் தராமல் பணமாகத் தருவதற்கும் காரணம் உண்டு. அதே 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வந்த பரிசு உங்கள் மதிப்பில் எவ்வளவு பெறும்? கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகியிருந்தது. நம் வீட்டுப் பரண்களில் பிரிக்காமல் கிடக்கும் சுவர்க்கடிகாரங்களை எண்ணிப் பாருங்கள். மொய்க் கவரில் அந்தச் சேதம் இல்லை.

உசிலம்பட்டிச் செல்வி:
கடன் என்றால் தவணை உண்டு, வட்டி உண்டு, ஜாமீன் உண்டு. இதில் எது இருக்கிறது, ஐயா? 2010இல் ஒரு பவுன் சுமார் 15,000 ரூபாய். 2024 மார்ச்சில் 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அன்று ஆயிரம் எழுதியவருக்கு இன்று அதே ஆயிரம் திரும்பி வந்தால், அவருடைய பணம் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. எந்த வட்டிக்கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார்?

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் வரும்போது தெருவே வேடிக்கை பார்க்கும். தட்டுத் தட்டாகப் பழம், பட்டு, நகை, மேளம், ஆட்டுக்கிடாய். கடன் வாங்கியாவது செய்வார். அதைத் திருப்பி வாங்க அவருக்கு வழியே இல்லை. இழவு வீட்டிலும் பணம் எழுதுகிறோம். பிணத்தைத் தூக்குமுன் கடன் கொடுக்கிற ஊர் எங்கேயாவது உண்டா? நோட்டில் எழுதி வைப்பது, நமக்குச் செய்தவரை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

வடகாட்டு உழவன்:
புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன் நான். எங்களுக்குக் கல்யாணம்கூட வேண்டாம், மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறோம். வடகாடு, கீரமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வரை ஆடி, ஆவணி வந்தால் இதுதான். செலவைப் பங்கிட்டுக்கொள்ளப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்போம். ஆட்டுக்கறிச் சாப்பாடு பொது. மொய் மேசையும் நோட்டும் ஆளுக்குத் தனி. ஒருவர் ஒருமுறை விருந்து வைத்தால் பிறகு ஐந்தாண்டு கழித்துத்தான் வைக்கலாம் என்பது ஊர்வழக்கம்.

அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் உண்டு, ஒத்தி வைத்த நிலத்தை மீட்டவர்கள் உண்டு. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

செல்வி அம்மா வட்டியைக் கேட்டார்கள். ஐயாயிரம் வாங்கியவர் ஐயாயிரமாகத் திருப்புவதில்லை. பழைய மொய் ஐயாயிரம், புது மொய் இரண்டாயிரம் என்று சேர்த்து எழுதுவார். அந்த இரண்டாயிரம் அவருக்கு நாங்கள் பட்ட புதுக்கடன். பழையதை மட்டும் எழுதிவிட்டு ஒருவர் கையலம்பினால், "கணக்கை முடித்துக்கொண்டார்" என்று அர்த்தம். சண்டையே போடாமல் உறவை அறுப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் வழி.

அரைக்காணி:
இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். புது மொய் சேர்ந்துகொண்டே போவதால், விலைவாசி தின்றதில் ஒரு பகுதி ஈடாகிறது, கணக்கும் மூடாமல் இருக்கிறது. ஓடிப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. நீதிமன்றம் வேண்டாம், அடுத்த ஆடியில் அவர் பந்தலுக்கு யாரும் வர மாட்டார்கள். ஊர்தான் ஜாமீன்.

தாய்மாமன் சீருக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வரும்வரை, இந்துக் கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. நாடு முழுவதற்கும் 2005இல்தான் வந்தது. நிலம் முழுதும் அண்ணன் தம்பிகளிடம் நின்றுவிட்டது. அக்காவின் பங்கைக் காலமெல்லாம் அனுபவிக்கிற தம்பி, அவள் பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று தவணை தவணையாகச் செலுத்துவதே சீர். அவர் கடன் கொடுக்கவில்லை, அடைக்கிறார்.

உசிலம்பட்டிச் செல்வி:
திரும்பி வந்தால் கடன் என்கிறீர்கள். திரும்பி வராவிட்டால் பழைய கடனை அடைத்தார் என்கிறீர்கள். இழவு வீட்டுப் பணத்தை விட்டுவிட்டீர்கள், நாளைக்கு அதைக் காப்பீடு என்பீர்கள். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எனக்கு வேண்டாம். எதைக் காட்டினால் உங்கள் கட்சி தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

பெண்கள் பங்கு கேட்காமல் இருப்பதற்குக் கொடுத்த விலை சீர் என்றால், சட்டம் மாறிய பிறகு அது குறைந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் குறையவில்லை. ஃப்ளெக்ஸ் போட்டு, பட்டாசு வெடித்து, கூடியிருக்கிறது.

இப்படிப் பேசுவதிலேயே ஒரு கேடு இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 1998இல் நடந்த ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் செய்தது. பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஆறில், பிள்ளையை அழைத்துப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்குப் பத்து ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. "ஆசிரியை காத்திருக்கிறாரே" என்று கூச்சப்பட்டவர்கள், காசு கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியானார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதும் தாமதம் குறையவில்லை. போன கூச்சம் திரும்பி வரவில்லை. மொய்யைக் கடன் கடன் என்று சொல்லிச் சொல்லி நீங்கள் செய்வதும் அதுதான். இப்போதே மொய் மேசையில் கணினி ரசீது வந்துவிட்டது. முகம் பார்த்து "வாங்க" என்று சொல்வதற்குமுன் எண்ணைச் சரிபார்க்கிறார்கள்.

அரைக்காணி:
நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். அன்பு என்றால் தொகை நெருக்கத்தைப் பொறுத்து இருக்க வேண்டும். கடன் என்றால் பழைய எண்ணைப் பொறுத்து இருக்க வேண்டும். உங்கள் வீட்டு நோட்டை எடுங்கள். உயிருக்கு உயிரான தோழிக்கு, அவர் வீட்டிலிருந்து இதற்குமுன் ஒன்றும் வராத நிலையில், எவ்வளவு எழுதினீர்கள்? பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிக்குப் பழைய பாக்கி இருந்ததால் எவ்வளவு எழுதினீர்கள்? தோழிக்குத்தான் எப்போதும் அதிகம் என்றால் நான் தோற்றேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. கடைசிப் பிள்ளையின் கல்யாணத்தை முடித்துவிட்டவர்கள் புது மொய் போடுவதைக் குறைத்தால் அது கடன், போட்டுக்கொண்டே இருந்தால் அன்பு. எங்கள் ஊரில் நான் பார்த்தவரை குறைக்கிறார்கள். சீரைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில், சட்டம் மாறினாலும் பங்கு கேட்கிற பெண்கள் இன்னும் குறைவு என்பதே. ஆனால் பங்கு பிரித்துக் கொடுத்த குடும்பங்களில் சீர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

வடகாட்டு உழவன்:
இரண்டு பேரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் பக்கத்துத் தென்னை ஒரே இரவில் வேரோடு சாய்ந்தது. புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அடுத்து வந்த ஆடியில் எனக்கு மொய் வர வேண்டியவர்களுக்கும் தென்னை இல்லை, நான் எழுத வேண்டியவர்களுக்கும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் தேவைப்பட்டால் யார் யாருக்கு எழுதுவது? மனைவி தாலிக்கொடியை அடகு வைத்து மொய் எழுதிய வீடுகள் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகள்தான் தலைநிமிர்ந்தன.

அரைக்காணி:
இதை 1989இலேயே மார்க் ரோசென்ஸ்வைகும் ஓடெட் ஸ்டார்க்கும் என்ற பொருளியலாளர்கள் வேறு வழியாகச் சொன்னார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம், மானாவாரிக் கிராமங்களில் ஆண்டுக்கணக்காகக் குடும்பவாரியாகக் கணக்கெடுத்திருந்தது. அதை வைத்து அவர்கள் கண்டது: மகளைத் தொலைவில் கட்டிக்கொடுத்த குடும்பங்களில், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் சாப்பாட்டுச் செலவு அவ்வளவாக ஆடவில்லை. இங்கே மழை இல்லாதபோது சம்பந்தி ஊரில் மழை இருக்கும். வருமானம் அதிகம் ஏறி இறங்கும் குடும்பங்களே அதிகத் தொலைவில் சம்பந்தம் தேடின.

உசிலம்பட்டிச் செல்வி:
அப்படியானால் அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரே வட்டத்துக்குள் கட்டிக்கொள்ளும் நாங்கள் பஞ்சத்தில் செத்திருக்க வேண்டுமே? எங்கள் பாட்டனார் காலத்துப் பஞ்சங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே வானம்தான். சொத்து வெளியே போகக் கூடாது என்பது காரணமாக இருக்கலாம், பெண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதும் காரணமாக இருக்கலாம். மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் அம்மா முதலில் கேட்பது "மாமியார் எப்படி?" என்பதைத்தான். அந்த ஊரின் மழையளவை யாரும் கேட்டதில்லை.

சம்பளக்காரி:
இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு 43 வயது. கல்யாணம் ஆகவில்லை, செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அலுவலகத்திலும் சொந்தத்திலும் மொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். "தனியாள்தானே, சம்பளம் வருகிறதே, கூடுதலாக எழுதட்டும்" என்பார்கள். எனக்கு ஒரு மேசை எந்தப் பந்தலிலும் போடப்பட்டதில்லை.

அரைக்காணி ஐயா முதலில் "ஒருவருக்கும் நட்டமில்லை" என்றீர்கள். உங்கள் சீட்டில் பணம் கட்டியும் முறையே வராதவர்கள் இருக்கிறார்கள். நான், பிள்ளை இல்லாத என் சித்தி, கணவரை இழந்த என் பெரியம்மா. பெரியம்மாவை மணமேடைப் பக்கம் வரவிட மாட்டார்கள், மொய் மேசையில் அவர் பணத்தைத் தடுத்ததில்லை. செல்வி அக்கா அன்பு என்கிறீர்கள். அந்த அன்பு ஏன் பிள்ளை பெற்றவர்கள் பக்கமாக மட்டும் ஓடுகிறது?

உசிலம்பட்டிச் செல்வி:
தங்கை, நீங்கள் கேட்பது சரி. ஆனால் அது அன்பின் குற்றமில்லை, சடங்கின் குற்றம். சடங்கு இல்லாத வீட்டுக்கும் செய்யலாம் என்று நாம் பழக்கவில்லை. உங்கள் சித்திக்கு உடம்பு முடியாதபோது அவர் மொய் எழுதிய வீடுகளிலிருந்து யாராவது போய் நின்றார்களா?

சம்பளக்காரி:
இரண்டு வீட்டார் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள்.

அரைக்காணி:
என் முதல் பதிவில் நான் போட்ட கணக்கு, எல்லோர் வீட்டிலும் ஒரே அளவு விசேஷம் நடக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. நடக்காத வீட்டுக்கு அது வரிதான். ஆனால் அம்மா, ஒன்று கேளுங்கள். இது அன்பளிப்பு என்றால் நீங்கள் எழுதியதெல்லாம் போனதுதான், கேட்க வாயே இல்லை. கடன் என்று ஊர் ஒப்புக்கொண்டால் நீங்கள் கடன் கொடுத்தவர், நோட்டில் பெயர் இருக்கிறது, திருப்பிக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. செல்வி அம்மா காப்பாற்ற நினைக்கும் கூச்சம்தான் உங்களைப் போன்றவர்களின் வாயை அடைக்கிறது.

வடகாட்டு உழவன்:
எங்கள் விருந்தில் "உங்கள் வீட்டில் என்ன விசேஷம்?" என்று யாரும் கேட்பதில்லை. பணம் தேவை, பந்தல் போடுகிறோம், அவ்வளவே. அந்த வகையில் இது நல்ல முறைதான், அம்மா.

உசிலம்பட்டிச் செல்வி:
தாலிக்கொடி அடகுக்குப் போனதும் அந்த முறையில்தான், அண்ணா. ஆனாலும் இந்தத் தங்கை கேட்டதற்கு என் கட்சியில் பதில் இல்லாமல் விடமாட்டேன். எந்த வீட்டுக்கெல்லாம் அவர் எழுதினாரோ, அந்த வீட்டார் கூப்பிடாமலே வந்து செய்ய வேண்டும். அதுதான் முறை. கேட்டு வாங்க வைப்பது அவர்களுக்குக் கேவலம்.

சம்பளக்காரி:
வருவார்கள் என்று காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை, அக்கா. வங்கிக் கடனில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறேன், தை மாதம் பால் காய்ச்சுகிறேன். அழைப்பிதழில் "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று அண்ணன் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அந்த வரியை எடுக்கச் சொல்லி இப்போது அச்சகத்துக்குப் போன் செய்யப் போகிறேன். வாசலில் மேசையும் போடுவேன். நோட்டு எழுத என் பெரியம்மாவை உட்கார வைக்கிறேன்.