முதல் முறை ஃபாஸ்டர்: திருப்பிக் கொடுக்க மனசு வருமா?

கேள்வி:

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு மீட்கப்பட்ட நாய் ஒன்று வருகிறது. இரண்டு வயசு, பெண். தத்து எடுக்க ஆள் கிடைக்கும் வரை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு, அதாவது ஃபாஸ்டர். வீட்டில் ஏற்கெனவே பத்து வயசு நாய், எங்கள் கிழவன், இருக்கிறான். மூட்டு வலி, அதனால் சிடுசிடுப்பு. அவனுக்கு ஏதாவது தொற்றிவிடுமோ என்பது ஒரு பயம். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: நாள் வரும்போது அவளை அனுப்ப எனக்கு மனசு வருமா?

பதில் 1:

இதுவரை பதினொரு நாய்கள் எங்கள் வீட்டில் தங்கிப் போயிருக்கின்றன. முதலில் கிழவன் விஷயம். அவன் தடுப்பூசிகள் நாள் தவறாமல் இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். புதியவளுக்கு முதல் இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தனிப் போர்வை. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் நாய்க்கு நாய் தொற்றும் கொடிய நோய்கள். பார்வோ பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காட்டிவிடும். டிஸ்டெம்பர் இன்னும் தாமதமாகத் தலைகாட்டும். பார்வோ கிருமி சாதாரண சோப்புக்குச் சாகாது, தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தரையை முதலில் சுத்தமாகக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும்.

இரண்டு வாரம் ஆனதும் வீட்டுக்குள் நேருக்கு நேர் விடாதீர்கள். வெளியே, ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க விடுங்கள். கிழவனுக்கு அவள் வர முடியாத ஒரு மூலை எப்போதும் இருக்கட்டும். வலி உள்ள நாய்க்கு அந்த மூலைதான் நிம்மதி.

அப்புறம் வாசல் கதவு. வந்த முதல் சில நாளில் அவளுக்கு அது வீடே இல்லை, இன்னொரு புது இடம். இடுக்கு கிடைத்தால் ஓடிவிடுவாள். கழுத்துப்பட்டை, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) இரண்டிலும் வாரைக் கோத்துத்தான் வெளியே கூட்டிப் போங்கள்.

இப்போது உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். எனக்கு வந்த இரண்டாவது நாய் நாலு நாள் மூலையில் சுருண்டு கிடந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. "ரொம்ப சாது" என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி ஒரு குடும்பம் எடுத்துப் போனது. மூன்றாவது வாரம் தனியாக விட்டுப் போனபோது கதவு நிலையையே பிறாண்டித் தள்ளிவிட்டது, திரும்பி வந்தது. தப்பு நாய் மேல் இல்லை. பயத்தில் உறைந்து கிடந்ததை நான் சாது என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு நோட்டு. எதற்குப் பயப்படுகிறது, எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், கிண்ணத்தின் அருகே போனால் உடம்பு விறைக்கிறதா, எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். ஆறேழு பக்கம் நிரம்பியதும், இதற்கு எந்த மாதிரி வீடு சரிப்படும் என்று தானாகவே தேடத் தொடங்கிவிடுவேன். அழாமல் இருந்தேன் என்று சொல்லவில்லை. அழுதுகொண்டே நோட்டைக் கொடுப்பேன். கூடவே, அது படுத்த போர்வையையும் துவைக்காமல் கொடுத்துவிடுவேன், வாசனைக்காக.

பதில் 2:

நான் அனுப்ப முடியாமல் நானே வைத்துக்கொண்ட ஆள். வருத்தமில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டில் இடம் இல்லை, அடுத்த நாய்க்கு முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. மேலே சொன்னவர் பதினொன்றை அனுப்பியிருக்கிறார், நான் ஒன்றோடு நின்றுவிட்டேன். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:

மருத்துவச் செலவு யாருடையது, ராத்திரியில் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, தத்து எடுக்க வருபவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பேச்சு உண்டா? மூன்றையும் நாய் வருவதற்கு முன்பே, அவளைத் தருபவர்களிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வந்தபிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. அவள் வந்து மூன்று நாள் ஆகிறது. திரைச்சீலைக்குப் பின்னால்தான் குடித்தனம். நான் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் சாப்பிடுகிறாள். கிழவன் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்து மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். நோட்டு வாங்கிவிட்டேன். "சாது" என்று எழுதவில்லை. முதல் வரி: துடைப்பத்தை எடுத்தால் நடுங்குகிறாள்.